சகலைக்குப் பார்த்துக் கொடுத்த மெஷின்

என் மனைவியின் தங்கையைக் கட்டியவர் நாமக்கல் பக்கத்துப் பண்ணையக்காரர். கிணற்று ஆயில் இன்ஜினைத் தானே பிரித்துப் பூட்டிப் பழகி, வீட்டுக்குப் பின்னால் ஒரு பட்டறையும் போட்டுவிட்டார். நான் சூரமங்கலத்தில் ரயில்வே பிட்டர். என் கொல்லையிலும் ஒரு பழைய லேத்து உண்டு. ஆனால் பல்சக்கரம் வெட்ட மில்லிங் மெஷின் வேண்டும். வருஷக்கணக்காக அதற்கு ஆசைப்பட்டும் எனக்கு வாங்க வகையில்லை.

யுத்த காலம். சீமைச் சாமான் வருவது நின்று, பல் உடைந்த இன்ஜின்கள் தோட்டத்துக்குத் தோட்டம் சும்மா கிடந்தன. சேலத்தில் மூடிப்போன ஓர் ஆலையில் இரண்டு மில்லிங் மெஷின்கள் விலைக்கு வந்தன. சகலை நேரே என்னிடம் வந்தார்.

"ஏனுங்கண்ணா, எனக்கு இதுல என்னங்க தெரியும்? நீங்க வந்து பாத்துச் சொல்லோணும்."

இருபது வருஷம் இரும்போடு மாரடித்தவன் நான். மெஷின் போகப்போவது அவர் வீட்டுக்கு. சிரித்துக்கொண்டே கூடப் போனேன்; வயிறு எரிந்தது.

ஒரு மெஷின் துருவேறியிருந்தது. வெட்டுச்சக்கரம் மாட்டும் தண்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன். இம்மியும் ஆடவில்லை. இன்னொன்றுக்குப் புதிதாகப் பச்சைப் பெயிண்டு அடித்திருந்தார்கள். அதன் தண்டு தேய்ந்து லொடலொடத்தது. பல் நேராக விழாது.

"எதுங்கண்ணா எடுக்கறது?"

"பச்சையையே எடுத்துக்குங்க தம்பி. இன்னொண்ணு துருவேறிப் போச்சு."

சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் கையைத் துடைத்தேன்.

நான் நினைத்தபடியே முதல் சக்கரம் கோணலாக வந்தது. இரண்டு நாள் எனக்குச் சோறு ருசித்தது. அவரோ தண்டைக் கழற்றி, தண்டு ஆடாமல் பிடிக்க வெண்கலப் புஷ் வார்த்து, அரம் போட்டு, பொருத்திப் பார்த்து, மறுபடி அரம் போட்டு, மூன்று மாதம் அதோடேயே கிடந்தார். பிறகு வெட்டிய சக்கரங்களுக்குக் கெங்கவல்லியிலிருந்துகூட ஆள் வந்தது.

"நீங்க பொறுக்கிக் குடுத்த மெஷினுன்னு தங்கச்சி ஊரெல்லாம் சொல்றா," என்றாள் மனைவி.

பொறுக்க முடியாமல் ஒருநாள் அவரிடமே கேட்டுவிட்டேன். "தம்பி, அன்னிக்கு அந்தத் தண்டு ஆடுனது..."

"நானும் ஆட்டிப் பாத்தனுங்கண்ணா. ஆனா நீங்களே சொல்றப்ப, நமக்குத் தெரியாத காரணம் ஏதோ இருக்கும்னு எடுத்துட்டேன். பிரிச்சு மாட்டுனதுலதான் தொழிலே படிஞ்சுதுங்க."

அவர் குத்திப் பேசவில்லை. நிஜமாகவே அப்படி நம்பினார். வாயில் வந்த உண்மையை விழுங்கிவிட்டேன். அதுவரை அந்த மெஷினைப் பார்த்துத்தான் பொறாமை. அன்றிலிருந்து அந்த மனுஷனைப் பார்த்தே பொறாமையாகிவிட்டது.

நோம்பி, பண்டிகை என்று நாங்கள் அவர் ஊருக்குப் போனால் பட்டறைப் பக்கம் நான் எட்டிப் பார்ப்பதில்லை. மனைவி கேட்டால், வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்பேன்.