மேலே ஒரு விசில்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன் குழம்பு அடுப்பில் இருக்கும்போதே போட்டிக்கான ஒலித்துண்டு வந்துவிட்டது. பிரேமாவதி கையைத் துடைத்துக்கொண்டு அறைக்குள் போய் ஹெட்போனை மாட்டினாள். அடியில் உருண்டு வந்த கனமான ஒலியும், அது ஏறி இறங்கிய விதமும், கடைசியில் கொஞ்சம் கரகரத்து அடங்கியதும் அவளுக்கு நன்றாகப் பழகியவை. ‘வெர்மில்லன்’ என்று குழுவில் பதிலைப் போட்டுவிட்டுக் குழம்பைக் கிளறப் போனாள்.

திரும்பி வந்து பார்த்தால் மற்ற எல்லோரும் ‘நோவாரா’ என்று போட்டிருந்தார்கள்.

அந்த வாட்ஸ்அப் குழுவுக்கு ‘காது மட்டும்’ என்று பெயர். கெடாவிலும் பினாங்கிலும் வீட்டு அறைகளில் உட்கார்ந்து கணினியில் இசையமைக்கும் தமிழர்கள் அதில் இருந்தார்கள். அவர்கள் பயன்படுத்தும் சிந்தசைசர்களுக்குக் கட்டையும் கிடையாது, பெட்டியும் கிடையாது. எல்லாம் திரைக்குள்ளேயே ஓடும் மென்பொருள்கள். ஆனாலும் பழகியவர்களுக்கு ஒவ்வொன்றுக்கும் தனிக்குரல் உண்டு. வாரம் ஒருவர் சில நொடி ஒலியைப் போடுவார். அது எந்த மென்பொருளில் பிறந்தது என்று மற்றவர்கள் காதால் கேட்டே சொல்ல வேண்டும். திரையில் அலசிப் பார்க்கக் கூடாது. பரிசு எதுவும் இல்லை. ஜெயித்தவர்களின் பேர் அடுத்த ஞாயிறு வரை குழுவின் முகப்பில் நிற்கும், அவ்வளவுதான். நடத்துபவன் திவாகர், சுங்கைப்பட்டாணியில் விளம்பரங்களுக்கு இசை போடுகிறவன். அந்தக் குழுவில் பெண் என்று இருந்தது பிரேமாவதி ஒருத்திதான். தவறாமல் சொல்கிறவள் என்ற பேரும் அவளுக்குத்தான்.

திவாகரின் குரல் செய்தி வந்திருந்தது.

“என்னாக்கா, இன்னிக்கு இப்படிக் கவுந்துட்டீங்க? மேல விசில் மாதிரி ஒன்னு ஓடுதே, அதானே நோவாராவ காட்டிக் குடுத்துச்சு. கேக்கலையா?”

மறுபடி போட்டுக் கேட்டாள். விசில் எதுவும் இல்லை. எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு தன்னைக் கலாய்க்கிறார்கள் என்று நினைத்தாள். ‘சும்மா வெளையாடாதீங்கலா’ என்று சிரிப்புப் பொம்மைகளோடு எழுதி அனுப்பினாள்.

அவள் கணவன் மனோகரன் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். இசை பற்றி அவனுக்கு எந்த அபிப்பிராயமும் கிடையாது. அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, ஹெட்போனைப் பிடுங்கிவிட்டு, ஒலிபெருக்கியில் அந்தத் துண்டை ஓட விட்டாள்.

“ஏங்க, இதுல விசில் ஏதும் கேக்குதா?”

“எது, அந்தக் கொசுவா?” என்றான், மீனில் முள்ளை எடுத்துக்கொண்டே. “மொதல்லேர்ந்து கத்திக்கிட்டே இருக்கே. நிறுத்து, காதுல குத்துது.”

“இப்பவுமா?”

“இப்பவுந்தான்.”

அவளுக்குக் கேட்டது கீழே உருளும் ஒலி மட்டும்தான். அவள் கணவனின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் அடுத்த கவளத்தைப் பிசைந்தான்.

சாயங்காலம் அந்தத் துண்டை அலைவரிசை காட்டும் மென்பொருளில் திறந்தாள். அடியில் தடித்த பட்டைகள் அசைந்தன. உச்சியில் மெல்லிய வெள்ளைக் கோடு ஒன்று, தொடக்கத்திலிருந்து முடிவு வரை இழுத்துக் கட்டிய கம்பியைப் போல, துளிகூட அசையாமல் நின்றது. ஒலியைக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. அவளுக்கு எதுவும் கேட்கவில்லை.

பிரேமாவதி புக்கிட் செலம்பாவைச் சேர்ந்தவள். அவளுடைய அப்பாவும் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்கள். தோட்டத்துக் கோயில் பஜனைக் குழுவுக்கு யாரோ நன்கொடையாகக் கொடுத்த கீபோர்டை வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லாததால், பள்ளிக்கூடத்துப் பெண்ணான அவள் அதைத் தொட்டுத் தொட்டுக் கற்றுக்கொண்டாள். பிறகு கல்யாண மண்டபங்களில் வாசிக்கும் இசைக்குழு ஒன்றில் சேர்ந்தாள். ‘கீபோர்ட் பிரேமா’ என்றால் பெண்டாங் வரைக்கும் தெரியும். கல்யாணமும் பிள்ளையும் வந்த பிறகு மேடை நின்றது. கணினியும் மென்பொருள்களும் வந்தபோது, மேடை இல்லாமலே இசை பண்ணலாம் என்று கண்டுகொண்டாள்.

பிழைப்பு சுங்கைப்பட்டாணியில், பிளாஸ்டிக் வார்க்கும் தொழிற்சாலை ஒன்றில். மெஷின்கள் மூச்சு விடுவதும் அறைவதுமாக நாள் முழுக்கச் சத்தம். காதடைப்பான் கொடுப்பார்கள். அவள் அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வாள். மெஷின் கோளாறு பண்ணப் போவது சத்தத்தில்தான் முதலில் தெரியும். காதை அடைத்துக்கொண்டால் எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்து மெஷினில் நிற்கும் மருதம்மாளோடு பேசவும் முடியாது. அங்கே எல்லோருமே அப்படித்தான் இருந்தார்கள்.

அடுத்த ஞாயிறு அவள் ஹெட்போனை மாட்டுவதற்கு முன்பே அலைவரிசைப் படத்தைத் திறந்துவிட்டாள். ஒரு தடவை, சந்தேகத்துக்கு, என்று சொல்லிக்கொண்டாள். பல வருடப் பழக்கம் வீண்போகவில்லை. எந்த மென்பொருள் மேலே எப்படிக் கோடு இழுக்கும் என்று படத்தைப் பார்த்தே அவளால் சொல்ல முடிந்தது. ஜெயித்தாள். “அக்கா திரும்பி வந்துட்டாங்க!” என்று திவாகர் கைதட்டும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினான். அதற்கடுத்த வாரமும் பார்த்தாள். அதற்கடுத்த வாரமும்தான். வெறும் விளையாட்டுதானே, யாருக்கு என்ன நட்டம் என்று நினைக்கப் பார்த்தாள். ஆனால் பாராட்டு ஒவ்வொன்றும் வாங்கும்போதே கூசியது. முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தவள், இப்போது சனிக்கிழமை வந்தாலே சிடுசிடுக்க ஆரம்பித்தாள்.

இதற்கிடையில் தம்பி ஜீவனின் பாட்டு விவகாரம் வந்தது. பெண்டாங்கில் இருக்கும் ஜீவன் நன்றாகப் பாடுவான். கோத்தா கோலா மூடா அம்மன் கோயில் திருவிழாவுக்காக அவன் பாடிய பாட்டுக்கு இசையமைத்து, எல்லா ஒலிகளையும் கலந்து முடித்து அனுப்பி வைத்தவள் பிரேமாவதி. பாட்டு எப்படி இருக்கிறது என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு ஏதோ பேசப் போன் செய்த அவன் மனைவி ஷீலாதான் வாய் தவறி உளறிவிட்டாள்.

“அலோர் ஸ்டார்ல ஒருத்தருகிட்ட குடுத்து சரி பண்ணச் சொல்லிருக்காரு அண்ணி. ஜால்ரா சத்தம்லாம் ஊசி மாதிரி குத்துதாம். ஒங்ககிட்ட சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு...”

பிரேமாவதி அந்தக் கையோடு தம்பியைக் கூப்பிட்டாள்.

“என் பாட்டு ஒனக்குக் குத்துதா? நேரா எங்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?”

“போன பாட்டுலயே சொன்னேங்கா” என்றான் ஜீவன். “நீங்கதான் கேக்க மாட்றீங்க.”

சொல்பேச்சு கேட்பதைத்தான் அவன் சொன்னான். அவளுக்கு அது வேறு மாதிரி விழுந்தது. போனை வைத்தாள்.

மறுவாரம் விடுப்புப் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிரஷர் பார்க்கப் போவதாக மனோகரனிடம் சொல்லியிருந்தாள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வைத்து, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அமுக்க வேண்டும். முதலில் வேகமாக அமுக்கினாள். பிறகு நெடுநேரம் ஒன்றுமே வரவில்லை. வெளியே நர்ஸின் விரல் குமிழைத் திருப்பிக்கொண்டே இருப்பது தெரிந்தது. கேட்காமலே ஒரு தடவை அமுக்கிவிட்டாள். நர்ஸ் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

மலாய்க்கார டாக்டரம்மா காகிதத்தில் ஒரு கோட்டைக் காட்டினாள். பாதி வரை சமமாகப் போய், அப்புறம் பள்ளத்தில் விழுந்தது.

“கிலாங்ல வேலையா?” என்று கேட்டாள். ஆமாம், தொழிற்சாலைதான் என்றாள் பிரேமாவதி. இது இப்போது வந்ததில்லை, நாள்பட்டது, போனது திரும்பாது, காதில் கருவி மாட்டினால் பேச்சு நன்றாகப் புரியும் என்று டாக்டரம்மா பொறுமையாக மலாயில் விளக்கினாள்.

“மியூசிக்?”

டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தாள். “மியூசிக் லாயின் சிக்கிட்” என்றாள். இசை மட்டும் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும்.

அந்தக் காகிதத்தை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். பிரஷர் எப்படி என்று மனோகரன் கேட்டான். நார்மல் என்றாள்.

தீபாவளிக்கு முன்னால் திவாகர் ஒரு சிறப்புச் சுற்று அறிவித்தான். எல்லோரும் வீடியோவில் வர வேண்டும். அவன் ஒலியைப் போடுவான், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டு, முறை வரும்போது பதில் சொல்ல வேண்டும். பலகாரம் சுட வேண்டும், நான் வரவில்லை என்று பிரேமாவதி எழுதப் போனாள். மனோகரன் விடவில்லை. “பலகாரம் எங்க ஓடிப் போவுது? ஒனக்கு இருக்குறதே இது ஒன்னு. போயி வெளையாடு” என்றான். அதற்குமேல் மறுக்க அவளுக்குக் காரணம் கிடைக்கவில்லை.

முதல் இரண்டும் அடித்தொண்டை ஒலிகள். தயங்காமல் சொன்னாள், சரியாக இருந்தது. ஒருவேளை தப்பிவிடலாம் என்றுகூடத் தோன்றியது. மூன்றாவதற்காகக் கண்ணை மூடிக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை.

“அக்கா, ஒங்க பதில்?” என்றான் திவாகர்.

“இன்னும் போடலையே தம்பி.”

அவள் கண்ணைத் திறந்தாள். சின்னச் சின்னக் கட்டங்களில் எல்லோரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“போட்டு முடிச்சாச்சுக்கா” என்றான் திவாகர் மெதுவாக.

“லைன் சரியில்ல போல” என்றான் கூலிமில் இருக்கும் பரஞ்சோதி. “அங்கெல்லாம் இப்படித்தான் அடிக்கடி வெட்டும்.”

ஆமாம், லைன்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

“லைனு நல்லாத்தான் இருக்கு” என்றாள். “எனக்குக் கேக்கல. மேல உள்ளது எதுவுமே கேக்கல. இத்தன வாரமும் ஸ்கிரீன்ல பாத்துட்டுத்தான் பதில் சொன்னேன்.”

பரஞ்சோதி கேமராவை விட்டு எழுந்து போனான். திவாகர் “பரவால்லக்கா, பரவால்லக்கா” என்று திரும்பத் திரும்பச் சொன்னான். யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்கள். அந்தச் சுற்று அப்படியே கலைந்தது. குழுவில் சின்னையா என்பவர், ‘அப்ப அவங்க ஜெயிச்ச வாரமெல்லாம்?’ என்று எழுதி, உடனே அழித்தும் விட்டார். ஆனால் அவள் அதற்குள் படித்துவிட்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துத் திவாகர் தனியாகக் கூப்பிட்டான்.

“மொதல்லயே ஏங்கா சொல்லல?”

“சொல்லிருந்தா என்ன பண்ணிருப்ப?”

“அடிச் சத்தமா பாத்துப் போட்டுருப்பேன்.”

“அதான் தம்பி சொல்லல” என்றாள்.

திரும்பினால் மனோகரன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். எல்லாவற்றையும் கேட்டிருக்க வேண்டும். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“நான் பின்னாலேர்ந்து கூப்புட்டா நீ திரும்பவே மாட்ட” என்றான். “எம்மேல ஏதோ கோவம்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். எத்தன நாளா...”

முடிக்கவில்லை. அன்றைக்கு முறுக்கை அவன்தான் பிழிந்தான். கோணல் கோணலாக வந்தது.

கருவி வந்தது. மாட்டிய அன்று பிளாஸ்டிக் பை நொறுங்கும் சத்தம் அடி வாங்கியது போல் இருந்தது. கரண்டி தட்டில் பட்டால் தூக்கிவாரிப் போட்டது. மகள் கோலாலம்பூரிலிருந்து பேசினால் இப்போது ஒவ்வொரு சொல்லும் முழுசாக வந்தது; “என்னா, என்னா” என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் இசையைக் கேட்டால் எல்லாமே தகர டின்னுக்குள்ளிருந்து வந்தது. மேல் கட்டைகள் சுருதி விலகி நின்றன. எந்த மென்பொருளும் அதன் குரலில் பேசவில்லை. வேலை இடத்தில் பேக்கிங் பிரிவுக்கு மாற்றம் கேட்டாள். சூப்பர்வைசர் பார்க்கலாம் என்றார். பார்த்துக்கொண்டே இருந்தார். அதுவரைக்கும் காதடைப்பானை ஒழுங்காகப் போட்டாள். மருதம்மாளிடமும் சொன்னாள். “இனிமே போட்டு என்னாத்துக்குடி? எனக்குந்தான் பாதி போச்சு” என்று மருதம்மாள் சிரித்தாள்.

குழுவிலிருந்து அவள் விலகவில்லை. விளையாடவும் இல்லை. ஞாயிறு தோறும் துண்டு வரும், பதில்கள் வரும். அவள் பார்த்துவிட்டு மூடிவிடுவாள்.

ஜீவனை அவளே கூப்பிட்டாள். காதைப் பற்றிச் சொன்னாள். அவன் அழுதுவிட்டான். அழுகை ஓய்ந்ததும், “அந்த அலோர் ஸ்டார் ஆளு செஞ்சது எப்படி இருக்கு?” என்று கேட்டாள்.

“நல்லா இருக்குக்கா” என்றான்.

கொஞ்சம் குறைவாக நன்றாயிருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு இருந்தது.

அம்மன் கோயில் திருவிழாவுக்கு மனோகரன் காடியை ஓட்ட, இருவரும் கோத்தா கோலா மூடாவுக்குப் போனார்கள். ஆற்று முகத்திலிருந்து உப்புக் காற்று அடித்துக்கொண்டிருந்தது. பால்குடம் வரும் வழியெல்லாம் கம்பங்களில் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். ஜீவனின் பாட்டு தொடங்கியதும் பிரேமாவதி காதிலிருந்து கருவிகளைக் கழற்றிக் கைப்பைக்குள் வைத்தாள். அவள் போட்ட தவில் வந்தது. அவள் போட்ட அடி நாதம் தரையோடு வந்தது. தம்பியின் குரலும் வந்தது, ஓரங்கள் தேய்ந்து. அதற்கு மேலே இருக்க வேண்டிய மணியும் ஜால்ராவும் எப்படி இருக்கின்றன, அதிகமா குறைவா, அவளால் சொல்ல முடியவில்லை.

ஆகவே ஆட்களின் முகத்தைப் பார்த்தாள். கம்பத்துக்கு நேர் கீழே ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. குளிர்பானக் கடைக்காரர் பாட்டுக்குத் தலையாட்டிக்கொண்டே ஐஸ் உடைத்தார். பக்கத்தில் நின்ற ஒருவர் மட்டும் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். சத்தம் குத்தியதா, வெயில் கண்ணில் பட்டதா என்று தெரியவில்லை. பாட்டு முடியும் வரை பிரேமாவதி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.