மாமாவை இழுத்துப் போட்ட சம்மனசு

ஒவ்வொரு மனிதருக்கும் பக்கத்தில் ஒரு காவல் சம்மனசு, அதாவது தேவதூதர், நிற்கிறது என்று முதல் நற்கருணைக்குத் தயார் செய்யும் புதுநன்மை வகுப்பில் சிஸ்டர் சொன்ன நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. நிற்கிறதென்றால் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். கண் உடம்புள்ளதைத்தான் பார்க்கும், சம்மனசுக்கு உடம்பே கிடையாது, அது முழுக்க ஆவி என்றார் சிஸ்டர். ஆண்டவர் ஏதாவது காரியமாக அனுப்பும்போது மட்டும் மனித உருவத்தில் வருமாம், அதுவும் அபூர்வமாக. தினமும் தெரிந்தால் நாம் ஆண்டவரை விட்டுவிட்டு அதையே கும்பிட ஆரம்பித்துவிடுவோம் என்றும் சொன்னார். மற்ற பிள்ளைகள் தலையாட்டினார்கள். எனக்கு அந்தப் பதில் தேவைக்கு மேல் வசதியாக இருப்பதாகப் பட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. திண்டிவனத்திலிருந்து பெருமுக்கல் போகிற வழியில் எங்கள் காலனி. அப்பா சென்னையில் கட்டட வேலையில் இருந்தார், எப்போதாவது வருவார். வீட்டில் நான், அம்மா, அம்மாவின் தம்பியான மாமா, மூன்று பேர்தான். சிஸ்டரின் பேச்சைச் சோதித்துப் பார்க்க ஒருநாள் என் பாயைச் சுற்றிக் கோலமாவைத் தூவிவிட்டுப் படுத்தேன். காலையில் பூனையின் தடம் இருந்தது. பூனையைச் சம்மனசென்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் மாமாவின் வண்டி ஏரியில் கவிழ்ந்தது. குட்டியானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன சரக்கு வண்டி அது. மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பியவரை, மறுநாள் தலையில் தையலோடு யாரோ வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அம்மா கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒன்று கேட்டாள்.

“விழுப்புரம் போற வண்டிக்கு அனந்தபுரத்து ஏரியில இன்னாடா வேல?”

நேர் ரோட்டில் ஏதோ வேலை நடந்தது, சுற்றிப் போனேன் என்றார் மாமா. அம்மா நம்பவில்லை என்பது எனக்குத் தெரிந்தது. அதற்குமேல் அவள் கேட்காமல் இருக்கத்தானோ என்னவோ, மாமா சம்மனசு கதையை ஆரம்பித்தார். கதவு திறக்கவில்லை, தண்ணீர் கழுத்துவரை வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று கண்ணை மூடினாராம். கண்ணாடி உடைந்தது. ஒரு கை அவருடைய முடியைப் பிடித்து வெளியே இழுத்தது. கரையில் கண் திறந்து பார்த்தால் ஒருவரும் இல்லை.

காலனியே திரண்டு வந்து கேட்டது. முதல் நாள் வெறும் கையாக இருந்தது. அடுத்த நாள் அதற்கு வெள்ளை அங்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வருவதற்குள் சுற்றிலும் ஒரு வெளிச்சமும் சேர்ந்துவிட்டது. நான் மட்டும் மாமாவின் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நகம் கீறிய தடம் இருந்தது. உடம்பே இல்லாததற்கு நகம் எங்கிருந்து வந்தது?

அவருடைய சட்டையை ஊறவைக்கச் சொல்லி அம்மா என்னிடம் கொடுத்தபோது காலர் மடிப்பில் ஏதோ குத்தியது. வளைந்த பச்சைக் கண்ணாடித் துண்டு, மேலே பொன் நிறப் புள்ளிகள். வண்டிக் கண்ணாடி அப்படி இருக்காது. ஆக, மாமாவின் சம்மனசு பெண். ஆனால் சம்மனசில் ஆண் பெண் கிடையாது என்று சிஸ்டர் சொல்லியிருந்தார். இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார், யாரென்று கண்டுபிடித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அன்று சாயங்காலம் எங்கள் வீட்டில் நன்றி செபமாலை. சிஸ்டரும் வந்திருந்தார். எல்லோரும் உட்கார்ந்ததும் நான் எழுந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினேன்.

“மாமா, சம்மனசு வளையல் போடுமா?”

யாரோ சிரித்தார்கள். பக்கத்து வீட்டு அத்தை துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். மாமாவின் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா என்னை அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை, வாசலைத்தான் பார்த்தாள். சிஸ்டர் அத்தையின் கையிலிருந்து அந்தத் துண்டை மெதுவாக வாங்கிக்கொண்டார்.

“ஆண்டவர் யார வேணும்னாலும் அனுப்புவாரு. எந்த ஊரு, இன்னா பேருன்னு நாம விசாரிக்கக் கூடாது. செபத்த ஆரம்பிங்க.”

செபமாலை முடியும்வரை அம்மா என் மணிக்கட்டை விடவே இல்லை.

தையல் பிரிப்பதற்கு முன்பே மாமா திருப்பூர் போவதென்று முடிவாயிற்று. ஒரு மத்தியானம் மூன்று பேரும் விழுப்புரம் ஜங்ஷனுக்குப் போனோம். யாராவது நம்மையே பார்த்துக்கொண்டிருந்தால் சொல் என்று அம்மா எனக்கு வேலை கொடுத்தாள். அதைவிடப் பிடித்த வேலை எனக்கு வேறு இல்லை. தூரத்துப் பெஞ்சில் துப்பட்டாவை முக்காடாகப் போட்ட ஒரு அக்கா எங்களைப் பார்ப்பதும் திரும்பிக்கொள்வதுமாக இருந்தாள். முழங்கையிலிருந்து விரல்வரை கட்டுப் போட்டிருந்தது. அம்மாவிடம் சொன்னேன். “அந்தப் பக்கம் பாக்காத” என்றாள். ரயில் வந்ததும் மாமா ஒரு வாசலில் ஏறினார், அந்த அக்கா அதே பெட்டியின் அடுத்த வாசலில் ஏறினாள். அம்மா ஜன்னலுக்கு ஓடி அவளிடம் ஒரு சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்து, கட்டுப் போட்ட கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். ரயில் நகர்ந்தது.

“யாரும்மா அந்த அக்கா?”

“எந்த அக்கா? மாமா தனியாதான் போனான். யார் கேட்டாலும் அதான் சொல்லணும்.”

அவள் அனந்தபுரத்துப் பெண், எங்கள் காலனி ஆட்களை வாசற்படி ஏற விடாத வீட்டில் பிறந்தவள் என்பதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. வண்டி ஏரியில் கவிழ்ந்த அன்று மாமாவுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறாள். தன் பக்கக் கண்ணாடியைக் கையாலேயே உடைத்து அவரை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, ஆள் வருகிற சத்தம் கேட்டதும் ஈரத் துணியோடு கரை வழியாக வீட்டுக்கு நடந்திருக்கிறாள். வண்டியில் அவளை ஒருவர் பார்த்திருந்தாலும் இரண்டு பேரும் உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது இது ஒன்றும் எனக்குத் தெரியாது. பொய் சொல்வது பாவம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அம்மாவே பொய் சொல்கிறாளே என்ற கோபம்தான் இருந்தது. சாமியாரிடம் செய்யப்போகிற முதல் பாவசங்கீர்த்தனத்தில் என் பாவங்களோடு அவளுடையதையும் சேர்த்துச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டு வந்தேன். அம்மா ஜன்னலோர இடத்தை விட்டுவிட்டு நடைபாதைப் பக்கம் உட்கார்ந்து, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிற ஆண்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்காகத்தான் ஜன்னலை விட்டுக்கொடுத்திருக்கிறாள் என்று நினைத்து, கொஞ்சம் கோபம் தணிந்து, திண்டிவனம் வரும்வரை வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தேன்.