குட்டைக் கியர் ராடு வந்த மாதம்

லண்டனிலிருந்து அந்த அட்டைப்பெட்டி வந்த அன்று நான் களத்தில் முட்டைக்கோஸ் மூட்டைகளைத் தைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஓசூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சைக்கிளில் வந்தான். வழக்கமாகத் தோட்டத்து வாசலிலேயே இறங்கித் தள்ளிக்கொண்டு வருபவன், அன்று வரப்பு மேலேயே ஓட்டிவந்து, சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு, பெட்டியைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான்.

"வந்துடுச்சு தங்கச்சி! கப்பல்காரன் சொன்ன மாதிரியே கொண்டாந்துட்டான்!"

கப்பலில் வேலை பார்த்த அவனுடைய சிநேகிதன் அதை லண்டனில் ஒரு கடையில் வாங்கி, பம்பாயில் இறங்கி, ரயிலிலும் பஸ்ஸிலுமாகக் கொண்டுவந்திருந்தான். சணலை அறுத்துப் பிரித்தோம். எண்ணெய்த் தாளில் சுற்றிய ஒரு குட்டையான இரும்புக் கம்பி, அதன் நடுவில் பளபளவென்று ஒரு உருண்டை, கெட்டியான ஒரு அலுமினிய வளையம், நாலு நீள போல்ட், மடித்த ஒரு ஆங்கிலக் காகிதம். அவ்வளவுதான். ஆனால் நாங்கள் இருவரும் அதைத் தங்கம் மாதிரி மாற்றி மாற்றிக் கையில் வாங்கிப் பார்த்தோம்.

அது எங்கள் காருக்கான கியர் ராடு. கார் என்றால் இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, கூரையில்லாத ஸ்போர்ட்ஸ் கார். மத்திகிரிப் பக்கம் குதிரை வளர்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குத் திரும்பும்போது அண்ணனிடம் விட்டுப்போனது. பச்சை நிறம். ஓசூரிலேயே அப்படி ஒன்று வேறு கிடையாது. சந்தை நாளில் அதை நிறுத்தினால் தளியிலிருந்து காய் கொண்டுவந்தவர்கள் வியாபாரத்தை விட்டுவிட்டுச் சுற்றி நிற்பார்கள். தமிழில் ஒருவர் கேட்பார், தெலுங்கில் ஒருவர் பதில் சொல்வார், கன்னடத்தில் இன்னொருவர் சிரிப்பார்.

எல்லாம் நன்றாக இருந்த அந்தக் காரில் கியர் ராடு மட்டும் சரியில்லை. நீளமாக, சாட்டைக்குச்சி மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். ஒரு கியரிலிருந்து அடுத்ததற்குப் போக ஒரு சாணுக்கு மேலே கையை நீட்டவேண்டும். அண்ணனுக்கு அது வேகத்தைக் கெடுக்கும் தொல்லை. எனக்கோ அதைவிடப் பெரிய தொல்லை. நான் குள்ளம். மூன்றாவது கியர் போடும்போது ராடு முன்னால் போய் டேஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். அதைத் துரத்திக்கொண்டு நான் இடுப்பு வரை குனியவேண்டும். அந்த ஒரு நொடி எனக்கு ரோடு தெரியாது.

நான் காரோட்டக் கற்றுக்கொண்டதே வேடிக்கையாகத்தான். எனக்கு இடது கைப் பழக்கம். சாப்பாட்டில் இடது கை போய்விட்டால் அம்மா கரண்டியால் ஒன்று போடுவாள். மாதா கோயிலில் சிலுவை அடையாளம் போடும்போதுகூட அடுத்த வரிசையிலிருந்து முறைப்பார்கள். ஒருநாள் அண்ணன் தோட்டத்துப் பாதையில் விளையாட்டாக என்னை ஸ்டீயரிங்கில் உட்கார வைத்தான். கியர் இடது கைப் பக்கம் இருந்தது. உலகத்தில் முதல்முறையாக ஒரு பொருள் எனக்கென்றே செய்யப்பட்டிருக்கிறது என்று அன்று தோன்றியது.

பாகலூர் ரோட்டில் லாரிகளுக்கு வேலை செய்யும் மேஸ்திரி ஒருவர் இருந்தார். முப்பது முப்பத்தைந்து வயதுதான். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், லாரிக்காரர்களைத் திட்டுவதற்குக் கன்னடம். மறுநாள் காலை பெட்டியோடு அவரிடம் போனோம். அவர் குட்டை ராடைக் கையில் எடுத்து இப்படியும் அப்படியும் பார்த்தார்.

"இன்னாங்க சார் இது, கொழந்தைங்க வெளையாட்டுச் சாமான் மாதிரி இருக்குது. இதையா லண்டன்ல இருந்து வரவெச்சீங்க?"

அண்ணன் ஆங்கிலக் காகிதத்தை வாசித்து விளக்கினான். மேஸ்திரி பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார். ராடின் நடுவிலிருந்த உருண்டையை விரலால் தொட்டார்.

"புரிஞ்சுபோச்சு சார். கடப்பாரையில கல்ல நெம்புறோம் இல்ல, அதே கதைதான். கடப்பாரை நீளமா இருந்தா கை ரொம்ப தூரம் போகணும், ஆனா லேசா இருக்கும். கிட்டக்கப் புடிச்சு நெம்பினா கை கொஞ்சம் அசைஞ்சாப் போதும், ஆனா பலம் வேணும். இந்த வளையத்தை அடியில வெச்சா உருண்டை மேல ஏறிக்கும். மேல நீளம் கம்மி, கீழ நீளம் ஜாஸ்தி. கியரு டக்கு டக்குனு வுழும்."

அந்த 'டக்கு டக்கு' என்பதை அவர் கையை ஆட்டிச் சொன்ன விதத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது.

சீட்டுகளைக் கழற்றினார். கியர் பெட்டிக்கு மேலிருந்த தகட்டைக் கழற்றினார். மூடியைத் திறந்து பழைய ராடை உருவி எடுத்தபோது எண்ணெய் சொட்டச் சொட்ட அது வெளியே வந்தது. வளையம் கச்சிதமாக உட்கார்ந்தது. எண்ணெய் கசியாமலிருக்க அதற்கும் மூடிக்கும் நடுவில் வைக்கக் கெட்டித் தாளில் அளவு பார்த்து வெட்டினோம். தாளை மூடியின் மேல் வைத்து, சின்ன சுத்தியலால் ஓரத்தைத் தட்டித் தட்டியே அவர் அச்சு எடுத்தார். போல்ட் துளைகளை நான் வெட்டினேன். அப்போதுதான் மேஸ்திரி என் கையைக் கவனித்தார்.

"அம்மா எடக்கையா?"

"ஆமாங்க மேஸ்திரி."

"நல்லதாப் போச்சு" என்றார். அடுத்த துளையைக் காட்டினார்.

மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது. அண்ணன் ஏறி உட்கார்ந்தான். லாரி ஓட்டிக் கற்றவர்களைப் போல அவனுக்கும் வண்டியை இரண்டாவது கியரில் எடுக்கும் பழக்கம். ராடை இடது பக்கம் தள்ளிப் பின்னால் இழுத்தான். முகமெல்லாம் சிரிப்பு. கிளட்சை விட்டான். கார் முன்னால் போகாமல் பின்னால் பாய்ந்து, அடுக்கி வைத்திருந்த பழைய டயர்களில் போய் மோதி நின்றது. டயர்கள் ஒவ்வொன்றாக உருண்டு ரோட்டுக்குப் போயின. ஒரு மாட்டுவண்டிக்காரர் கன்னடத்தில் கத்தினார்.

காருக்கு ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரி ஓடிப்போய் டயர்களைப் பிடித்துவிட்டு, மூச்சு வாங்கத் திரும்பி வந்தார்.

"ரெண்டாவது போடாம ரிவர்ஸ் போட்டுட்டீங்களே சார்!"

"நான் ரெண்டாவதுதான் போட்டேன்!"

எஞ்சினை அணைக்கச் சொல்லி நான் அந்த சீட்டில் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு இடது கையால் ராடை மெதுவாக அசைத்துப் பார்த்தேன். முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. மறுபடி இடது பக்கம். பழைய ராடில் அங்கே ஒரு தடை இருக்கும். ராடை மேலே தூக்கினால்தான் அதைத் தாண்டி ரிவர்ஸுக்குப் போகமுடியும். இப்போது அந்தத் தடையைக் காணோம். கை வழுக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டது.

"மேஸ்திரி, உள்ளே ஒரு படி மாதிரி இருந்துச்சே, அது இப்ப தட்டவே இல்லைங்க. வளையம் வெச்சதுல ராடு மேல ஏறிடுச்சு. படி கீழயே நின்னுபோச்சு."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். மறுபடி மூடியைக் கழற்றி உள்ளே விரலை விட்டார்.

"சரியாச் சொல்லிட்டாங்க சார்! வளையம் எவ்ளோ கனமோ அவ்ளோ கனத்துக்கு அந்தப் படியில ஒரு துண்டு வெக்கணும். லண்டன்காரன் காயிதத்துல அது இருக்குதா பாருங்க."

காகிதத்தின் பின்பக்கம் கடைசி வரியில், பொடி எழுத்தில் இருந்தது. அந்தத் துண்டைத்தான் பெட்டியில் வைக்க மறந்திருந்தார்கள். மேஸ்திரி ஒரு பழைய லாரியின் இரும்புப் பட்டையிலிருந்து துண்டு வெட்டி, அரத்தால் தேய்த்து, வளையத்தோடு ஒட்டி வைத்து கனம் பார்த்து, மறுபடி தேய்த்தார். சாயங்கால வெயில் இருக்கும்போதே வேலை முடிந்தது. இந்த முறை இடது பக்கம் தள்ளியதும் 'டொக்' என்று தடை கைக்குத் தெரிந்தது.

அண்ணன் ஓட்டினான். சூளகிரி ஏற்றம் வரை போய்த் திரும்புவது என்று கிளம்பினோம். அவன் பழைய ஞாபகத்தில் கையை வீசி வீசி ராடை அடித்தான். ஒவ்வொரு தடவையும் கியர் பெட்டி பல்லைக் கடித்தது. ஏற்றத்தின் பாதியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "நீ ஓட்டிப் பாரு" என்று இறங்கினான்.

நான் புடவைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு உட்கார்ந்தேன். ராடு என் உள்ளங்கைக்குப் பக்கத்திலேயே நின்றது. முதல் கியர். இரண்டாவது. பிறகு மூன்றாவது. நான் குனியவில்லை! நாலு விரல் அகலம்தான் கை அசைந்தது. கொஞ்சம் அழுத்தம் வேண்டியிருந்தது, ஆனால் மூட்டை தூக்கிய கைக்கு அது ஒரு பொருட்டா? எஞ்சின் சத்தம் அறுபடாமல் ஒரே மூச்சாக மேலே ஏறியது. வளைவில் மூன்றிலிருந்து இரண்டுக்கு இழுத்தேன். நினைத்து முடிப்பதற்குள் விழுந்துவிட்டது. எதிரே வந்த லாரிக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே போனார். நான் வாய்விட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

மேலே போய் நிறுத்தியதும் அண்ணன் சொன்னான்: "இது உன் கைக்குத்தாம்மா செஞ்சிருக்கு."

"அப்ப மலைப் போட்டிக்கு நானும் பேர் குடுக்கட்டுமா?"

பெங்களூர்க்காரர்கள் சிலர் சேர்ந்து அஞ்செட்டி மலைப்பாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கார் போட்டி வைப்பதாக இருந்தார்கள். கீழேயிருந்து ஒவ்வொரு காராக ஏறவேண்டும். மேலே கடிகாரத்தோடு நிற்பார்கள். ஒரே காரை இரண்டு பேர் ஓட்டலாம் என்றும் விதி இருந்தது. அண்ணன் ராடை ஒருமுறை தொட்டுப் பார்த்தான். பிறகு, "குடு" என்றான். அப்பாவிடம் கேட்டோம். யோசித்துச் சொல்கிறேன் என்றார். அவர் யோசித்து முடிப்பதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. முதல் பூசை பார்த்துவிட்டு இருட்டு விலகும்போதே தேன்கனிக்கோட்டை வழியாகக் கிளம்பினோம்.

பாதையில் யானை ஒடித்துப்போட்ட மூங்கிலை ஆட்கள் இழுத்து ஓரம் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ராத்திரி தூறியிருந்ததால் மண் ஈரமாக இருந்தது. பத்துப் பன்னிரண்டு கார்கள். பெண் என்று நான் ஒருத்திதான். பேர் எழுதிக்கொண்டவர் அண்ணனைப் பார்த்து, "இவங்க கூட உட்கார வந்தவங்களா?" என்று கேட்டார். "இல்லைங்க, ஓட்ட வந்தவங்க" என்றான் அண்ணன்.

முதலில் அவன் ஓட்டினான். நான் கீழே நின்று காதால் தொடர்ந்தேன். இரண்டாவது கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் வீணாக உறுமுவது கேட்டது. கியர் விழவில்லை. பழைய ஞாபகம் மறுபடி அவன் கையில் ஏறியிருந்தது. பிறகு சத்தம் சரியாகி மேலே போய் அடங்கியது.

அவன் வண்டியைக் கீழே கொண்டுவந்து சாவியைக் கொடுத்தபோது முகம் வாடியிருந்தது. ஆனாலும் குனிந்து என் காதில் சொன்னான்: "ரெண்டாவது வளைவுல உள்பக்கம் சேறு. வெளியாலயே போ. ராடை அடிக்காதே, தள்ளு."

கொடி இறங்கியது. அப்புறம் நடந்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. யாரோ கொடுத்த பெரிய ஹெல்மெட் கண்ணுக்கு இறங்கிக்கொண்டே இருந்தது. புங்கமரம் ஒன்று கிட்டே வந்து விலகியது. முதல் வளைவில் இரண்டாவது கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. அடுத்ததில் அண்ணன் சொன்னபடி வெளியாலேயே போனேன். பின்சக்கரம் கல்லை வாரி இறைத்தது. கையும் ராடும் ஒன்றாகவே நகர்ந்தன. மூன்று, இரண்டு, மறுபடி மூன்று. பயம் ஒரு இடத்தில்கூட எட்டிப் பார்க்கவில்லை. மேலே சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியதுகூடத் தெரியாமல் போய்க்கொண்டே இருந்தேன். ஆட்கள் கையை ஆட்டி நிறுத்தினார்கள்.

கடிகாரம் வைத்திருந்தவர் அதைக் காதில் வைத்துப் பார்த்தார், நின்றுபோய்விட்டதோ என்று. பிறகு பக்கத்திலிருந்தவரின் கடிகாரத்தையும் வாங்கிப் பார்த்தார். இரண்டும் ஒன்றே சொன்னதும்தான் எழுதினார்.

முதலாவதாக வந்தது பெங்களூர்க்காரர் ஒருவர். எங்களுடையதைவிடப் பெரிய எஞ்சின். நான் மூன்றாவது. அண்ணன் ஏழாவது. அதை ஒலிபெருக்கியில் சொன்னபோது அவன் என் தோளைப் பிடித்து உலுக்கி, "எந்தங்கச்சி! எந்தங்கச்சி!" என்று சுற்றி நின்ற எல்லாரிடமும் சொன்னான். திரும்பி வரும்போது தேன்கனிக்கோட்டை வரை முகத்தை வெளியே திருப்பிக்கொண்டே வந்தான். வருத்தம் அப்போதுதான் எட்டியிருக்கவேண்டும். அவனுக்காக வாங்கிய ராடு அல்லவா? அங்கே ஒரு கடையில் காப்பி குடித்தபோது, "அடுத்த வருசம் நான் பழகிடுவேன், பாரு" என்றான். "பழகு, பழகு" என்றேன். இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் காலை முதல் வேலையாக மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். லாரிக்கு அடியில் படுத்திருந்தவர் வெளியே வந்து, நான் சொன்னதை முழுதாகக் கேட்டார். கையை எண்ணெய்த் துணியில் துடைத்தார். கொஞ்சம் தயங்கினார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. இத்தனை வண்டிக்கு வேலை செஞ்சிருக்கேன், இந்த மாதிரி வண்டியில ஒக்காந்து போனதில்லை. ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா?"

"ஏறுங்க மேஸ்திரி!"

சீட்டில் சாக்கு விரித்து, காலை மடக்கி உட்கார்ந்தார். பெங்களூர் ரோட்டில் நேராக விட்டேன். அவர் கண் ரோட்டிலேயே இல்லை; என் கையையும் ராடையுமே பார்த்துக்கொண்டிருந்தது. நான்காவது கியர் விழுந்ததும் காற்று அவர் தலைத்துண்டைப் பிடுங்கிக்கொண்டு போனது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தேவுடா! இன்னும் போங்கம்மா, இன்னும்!" என்று தொடையில் தட்டிக்கொண்டு கத்தினார். அத்திப்பள்ளியில் எல்லையைத் தாண்டிக் கர்நாடகத்துக்குள் வெகுதூரம் போன பிறகுதான், துண்டு விழுந்துவிட்டது என்பது இருவருக்கும் நினைவுக்கு வந்தது.