படத்தில் வந்த பெட்டி

ஊசியக்கா என்று பேரைச் சொன்னாலே மேட்டுக் குடியிருப்பில் அழுகிற பிள்ளைகூட வாயை மூடும். பதினோரு வருடமாகத் தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, சண்டை போடும் இரு தரப்புச் சோதனைச் சாவடிகளையும் தாண்டி நடந்தவள். "பெட்டிய ரொம்ப நேரம் திறந்து வைக்காதப்பா, மருந்து கெட்டுரும். நாளைக்கு உன் பிள்ளைக்கும் இதான்" என்று துப்பாக்கிக்காரனையே அதட்டுவாள். அப்பேர்ப்பட்டவளை ஒரு கேமரா கவிழ்த்துவிட்டது.

சுகாதாரப் பணியாளர்களைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வந்தவர்கள், அவளை ஐந்து தடவை மேடேறிக் காட்டச் சொன்னார்கள். ஐஸ் கட்டிகளோடு பெட்டி கனக்கும். "சும்மா நடக்கறதுக்கு மருந்து எதுக்கு?" என்று எல்லாவற்றையும் சுகாதார நிலையத்திலேயே வைத்துவிட்டு, தலையை இரண்டு தரம் வாரிக்கொண்டு, வெறும் பெட்டியோடு கிளம்பினாள். ஆசை யாரை விட்டது?

மூன்றாவது தடவை ஏறும்போது, சண்டைக்குப் பயந்து இரண்டு மாதமாகக் கதவைத் திறக்காத ஒருத்தி, பெட்டியைப் பார்த்துவிட்டுக் குழந்தையோடு ஓடிவந்தாள்.

"அக்கா, தட்டம்மை ஊசி இருக்கா? இவளுக்கு இன்னும் போடல."

கேமரா பார்த்துக்கொண்டிருந்தது. "இப்பதாம்மா தீந்துச்சு. நாளைக்குக் கொண்டுவரேன்" என்றாள் ஊசியக்கா. நிலையம் முக்கால் மணி நடைதான். போய் எடுத்து வந்திருக்கலாம். ஆனால் இன்னும் இரண்டு தடவை நடக்க வேண்டியிருந்தது.

மறுநாள் சாவடிக்காரர்கள் பாதையை அடைத்துவிட்டார்கள். திறக்க நாற்பது நாளானது. அதற்குள் அம்மை வந்துபோனது. போகிற போக்கில் பிள்ளையின் இடது கண்ணையும் கொண்டுபோனது.

"பாதைய அடைச்சுட்டாங்க, நான் என்ன செய்ய?" என்றாள், விசாரித்தவர்களிடமெல்லாம். அதுவும் உண்மைதான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கொஞ்சம் உண்மையும் வேண்டியிருக்கிறது.

படத்தைப் பள்ளிக்கூடத்தில் போட்டார்கள். முன்வரிசையில் ஊசியக்கா, பக்கத்து நாற்காலியில் அந்தத் தாய், மடியில் பிள்ளை. திரையில் ஊசியக்கா மேடேறினாள், தாய் ஓடிவந்தாள். அவள் கேட்டதும் இவள் சொன்னதும் படத்தில் இல்லை. எல்லாரும் கைதட்டினார்கள். தாயும் தட்டினாள்.

"அன்னிக்கு எத்தனை பிள்ளைங்களுக்குப் போட்டீங்களோ. எங்களுக்குத்தான் குடுத்துவைக்கல" என்றாள்.

 இதற்குமேல் ஊசியக்காவால் அந்தக் கைதட்டலைத் தாங்க முடியவில்லை.

"ஒருத்தருக்கும் போடலம்மா. அந்தப் பெட்டியில ஒண்ணுமே இல்ல. படத்துக்காக வெறும் பெட்டியத் தூக்கிட்டு நடந்தேன்."

தாயின் கைகள் நின்றன. பிள்ளையைத் தன் மறுபக்கத்துக்கு மாற்றிக்கொண்டாள். கைதட்டலில் இது எதுவும் கேட்காதவர்கள், பாராட்ட வேண்டும் என்று ஊசியக்காவை எழுந்து நிற்கச் சொல்லிப் பின்னாலிருந்து குரல் கொடுத்தார்கள். அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

"எழுந்திருங்க" என்றாள் தாய், திரையைப் பார்த்தபடியே. "உங்களத்தான் கூப்பிடறாங்க."