ரயில் போனால் முறை மாறும்

வெள்ளவத்தையில் கடற்பக்கமாகக் குடியிருப்பவர்களுக்கு ரயில் முதலில் காலுக்குத்தான் தெரியும். தரை லேசாக நடுங்கும். அலுமாரிக்குள் கிளாஸ்கள் ஒன்றோடொன்று முணுமுணுக்கும். அதற்குப் பிறகுதான் அந்த இரும்புச் சத்தம் ஒழுங்கைக்குள் புகுந்து, சுவர் சுவராக மோதி, மாடி மாடியாக ஏறி, மேலே தண்ணீர்த் தாங்கிகளில் போய் அடங்கும். அது வரும்போது இன்றைக்கும் என் வாய் மூடிக்கொள்கிறது. மகளோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாலும் பாதி வசனத்தில் நின்றுவிடுவேன். "அம்மா, சொல்ல வந்ததைச் சொல்லி முடியுங்கோவன்" என்பாள். கையைக் காட்டுவேன், பொறு என்று. இந்தப் பழக்கத்தை எனக்குள் விட்டுவிட்டுப் போனவர் எங்கள் மாடிக்குடியிருப்புச் சங்கத்தின் தலைவர்.

ஓய்வுபெற்ற எஞ்சினியர். யாழ்ப்பாணத்துக்காரர். மடிப்புக் குலையாத சாரமும் வெள்ளைச் சேட்டுமாக மொட்டைமாடிக்கு வந்து, பிளாஸ்டிக் கதிரைகளைத் தானே வட்டமாகப் போடுவார். சங்கக் கூட்டம் அங்கேதான், ஞாயிறு பின்னேரங்களில். அவர் போட்ட ஒரே சட்டம் இது: ரயில் வந்தால் பேசுகிறவர் நிறுத்த வேண்டும், ரயில் போன பிறகு அவர் தொடரக்கூடாது, மறுபக்கத்து ஆள்தான் பேசலாம். ரயிலை மிஞ்சிக் கத்துகிறவர்களை அடக்கத்தான் இதைக் கொண்டுவந்தார். செயலாளராக இருந்த இரண்டாம் மாடி ஹாஜியார் அடுத்த ரயில் வர நேரமிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாயைத் திறக்கிறார் என்று ஒரு பகிடியும் உலாவியது. ஆனால் அந்தச் சட்டம் வேறொரு வேலையையும் செய்தது. பாதியில் நின்ற வசனம் நாக்கில் கிடந்து உப்புக் கரிக்கும். சற்றுமுன் அவ்வளவு பெரிதாகத் தெரிந்த நியாயம், சத்தம் ஓயும்போது, கைக்குள் அடங்குகிற அளவுக்குச் சுருங்கியிருக்கும்.

நான்காம் மாடியில் தலைவரின் வீட்டுக்கு எதிர்வீட்டில் மலையகத்து ஹட்டனிலிருந்து வந்த கணித டீச்சர் ஒருவர் வாடகைக்கு இருந்தார். ஹோலிலேயே டியூஷன் வகுப்பு. படியெல்லாம் பிள்ளைகள், பிள்ளைகளின் செருப்புகள். கட்டடத்துக்குள் வகுப்பு நடத்தக்கூடாது என்று தலைவரே தீர்மானம் கொண்டுவந்தார். அது நிறைவேறினால் டீச்சர் வீட்டைக் காலிசெய்ய வேண்டியதுதான்; வகுப்பு இல்லாமல் வெள்ளவத்தையில் வாடகை கட்ட அவரால் முடியாது. நான் டீச்சரின் பக்கம். வேண்டிய அளவு நியாயங்களோடு போயிருந்தேன். தலைவர் எழும்பி, "என்ர மனுசி பாரிசவாதத்தில விழுந்து கிடக்கிறா. இந்தச் சத்தத்தில பகலில ஒரு கண் மூடேலாமல் இருக்கு" என்றார். என் நியாயங்கள் எல்லாம் வாடிப்போயின. நோயாளியின் நித்திரைக்கு எதிராக யார் என்ன பேசுவது?

அவர் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தபோது ரயில் வந்தது. நிறுத்தினார். போனது. டீச்சரின் முறை.

அவர் தோளில் கிடந்த சோலின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு எழும்பினார். "ஐயா, நான் ஒன்னு கேட்டா கோவிச்சுக்காதீங்க. தூங்க முடியலன்னு அம்மா சொன்னாங்களா, நீங்க சொல்றீங்களா?"

"இதென்ன கேள்வி? என்ர மனுசியைப் பற்றி எனக்குத் தெரியாமலோ?" என்றவர், பிறகு கதிரையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொறுங்கோ, வாறன்" என்று எழும்பிப் படியிறங்கிப் போய்விட்டார்.

"தலைவர் லோயரக் கூட்டிவரப் போறார்" என்றார் ஹாஜியார்.

தனியாகத்தான் வந்தார். மூச்சு வாங்கியது. உட்காரவில்லை. "அவ சொன்னதை அப்பிடியே சொல்லுறன். 'பிள்ளையள் வந்து போறதாலதான் எனக்குப் பகல் எது பின்னேரம் எது எண்டு தெரியுது. நித்திரையைக் குழப்பிறது உங்கட ரேடியோ நியூஸ்.'"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. "அவவின்ர பேரில நான் என்ர எரிச்சலைக் கதைச்சிருக்கிறன். தீர்மானத்தைத் திருப்பி எடுக்கிறன்."

"நீங்களே கொண்டுவந்து நீங்களே எடுத்தா ஆக்கள் என்ன சொல்லுவாங்க, தலைவர்?"

"கொண்டுவந்தவனுக்குத்தானே ஹாஜியார், எங்க பிழை எண்டு வடிவாத் தெரியும்."

டீச்சர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "படியில சத்தம் போடாம நான் பாத்துக்கிறேன் ஐயா. மலையகத்து ஆளுகன்னுதான் எங்கள வெளியேத்தப் பாக்குறீங்கன்னு நெனச்சிட்டேன்."

இல்லையென்று சொல்லுவார் என்று பார்த்திருந்தோம். எங்கள் எல்லோருக்கும் அதுதான் வசதியாக இருந்திருக்கும். அவர் கடலைப் பார்த்தார்.

"அதுவும் கொஞ்சம் இருந்திருக்கும், டீச்சர். நான் இல்லையெண்டு சொன்னா நம்பாதேங்கோ."

அந்த நேரம் பார்த்து ஒரு ரயிலும் வரவில்லை.

சொன்ன சொல்லில் நிற்பதைக் கெட்டித்தனம் என்று கொண்டாடுகிற சனம் நாங்கள். அப்படி நின்று நின்றே அண்ணனும் தம்பியும் கதைபேச்சு அறுந்துபோன வீடுகள் எனக்குத் தெரியும். அவற்றில் ஒன்றில்தான் நான் பிறந்தேன். ஒரு மனிதர் எல்லோர் முன்னிலையிலும் தன் சொல்லை விட்டு இறங்கி, இறங்கிய பிறகும் அதே உயரத்தில் நிற்பதை அன்றைக்குத்தான் கண்டேன். அடுத்த ஞாயிறும் அவர்தான் கதிரைகளைப் போட்டார். டீச்சர் ஒருபக்கம் பிடித்தார்.

இப்போது சங்கம் வாட்ஸ்அப்பில் கூடுகிறது. ரயில் போகிறது, யாரும் நிறுத்துவதில்லை. விரல்களுக்கு ரயில் கேட்காதுதானே. நான் மட்டும் அனுப்ப வந்ததை அனுப்பாமல் வைத்திருந்து, சத்தம் போன பிறகு வாசித்துப் பார்ப்பேன். பாதியை அழித்துவிடுவேன்.

தலைவரின் மனைவி காலமான அடுத்த வருடம் மெல்பேர்னிலிருந்து மகன் அவரைக் கூட்டிப்போக வந்தார். கேற்றடியில் வான் நின்றது. பெட்டிகள் ஏற்றியாயிற்று. மகன் முன்சீற்றில் இருந்து நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அந்தக் குளிருக்குள்ள போய் என்ன செய்யப்போறீங்கள், ஐயா?" என்று கேட்டேன். தனிச் சமையலைப் பற்றி, மகனிடமிருந்து இரவில் வரும் போனைப் பற்றி, வெறும் கட்டிலைப் பற்றி அவர் சொல்லிக்கொண்டு வந்தார். காலடியில் தரை நடுங்கியது. பாதி வசனத்தில் நிறுத்தினார். நானும் அவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி நின்றோம்.

என்னிடம் நியாயங்கள் இருந்தன. மொட்டைமாடிக் காற்று இருந்தது, படியேறும் பிள்ளைகள் இருந்தார்கள், அந்த அம்மா படுத்திருந்த அறை இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தேன். என் நியாயங்களில் ஒன்று சரியென்று பட்டால் அவர் போகமாட்டார். மகனின் முகத்தையும் பார்த்தேன். ரயிலின் கடைசிப் பெட்டியும் தெகிவளைப் பக்கம் போய் மறைந்தது. கடல் மறுபடி கேட்டது. நான் வாய் திறக்கவில்லை. வான் புறப்படுமுன் கடைசியாகப் பேசியவர் அவர்தான்.

"உங்கட முறை, தங்கச்சி. சொல்லுங்கோ. பெட்டி ஏத்தினதை யோசிக்காதேங்கோ, இறக்கலாம்."