ஓட்டை இல்லாத இலைகள்

கண்டியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் எங்களுக்கு ஒரு மேசை கிடைக்குமா இல்லையா என்பது அந்தப் புதன்கிழமை தெரிந்துவிடும். இரசாயனம் போடாமல் மரக்கறி பயிர் செய்கிறவர்களுக்கென்று அரசாங்கம் திறந்த சந்தை அது. மேசைக்கு வாடகை இல்லை. கூட்டுப்பசளை போடப் பழக்கியதும், பாத்திக்கு மேலே கட்ட வலை தந்ததும் அரசாங்க ஆட்கள்தான். மிச்சம் ஒன்றே ஒன்று. விவசாயப் போதனாசிரியை குண்டசாலைக்கு வந்து எங்கள் தோட்டத்தைப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும்.

அதுவரை எங்கள் போஞ்சிக்காயும் கோவாவும் கட்டுகஸ்தோட்டை மொத்தக் கடைக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. அங்கே மருந்தடித்த மரக்கறியோடு ஒரே குவியலாகக் கொட்டிவிடுவார்கள். என் மனைவி முதுகு ஒடிய வளர்த்ததெல்லாம் அதில் அடையாளம் தெரியாமல் போய்விடும். மேசைக்கு அவள் அவ்வளவு ஆசைப்பட்டாள். அவள் ஆசைப்பட்டால் நான் எதையாவது செய்யாமல் இருக்கமாட்டேன். அது பழைய வியாதி.

புதன் விடிந்ததும் பாத்தியைப் பார்த்தேன். இலைக்கு இலை ஓட்டை. கிழிந்த சாரத்தோடு கல்யாண வீட்டு வாசலில் நிற்பது மாதிரி இருந்தது. உடனே வேலையில் இறங்கினேன். ஓட்டை இலை அத்தனையையும் பறித்து, வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற அயல்வீட்டுப் பசுவுக்குப் போட்டேன். அத்தோடு விட்டேனா? மிஞ்சிய இலைகளை ஈரத் துணியால் துடைத்தும் வைத்தேன்.

போதனாசிரியை வந்தார். நல்ல தமிழ் பேசும் சிங்களப் பெண். குனிந்து ஓர் இலையைத் திருப்பினார், இன்னொன்றைத் திருப்பினார். வரும்போது இருந்த சிரிப்பு மெல்லக் காணாமல் போனது.

"ஒரு பூச்சி கடிச்ச இலைகூட இல்லையே. என்ன மருந்து அடிச்சீங்க?"

ஒன்றும் அடிக்கவில்லை என்றேன். கொலை செய்தவன்கூட அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருப்பான். பிறகு ஆதாரம் கொண்டுவர வேலிக்கு ஓடினேன். பசு கடைசி இலையை மென்றுகொண்டிருந்தது. வெளியே நீட்டிக்கொண்டிருந்த காம்பைப் பிடித்து இழுத்தேன். பசு விடவில்லை. நானும் விடவில்லை. போதனாசிரியை பார்த்துக்கொண்டிருந்தார்.

மனைவிதான் பேசினாள். "மிஸ், இந்த மனுசன் விடிஞ்சதுலருந்து ஓட்டை இலையெல்லாம் பிச்சு மாட்டுக்குப் போட்டுட்டாரு. நீங்க பாத்தா வெக்கமாம். அவரு கை போகாத எடம் ஒண்ணு இருக்கு, வாங்க."

இலைகள் இறுகச் சுருண்ட ஒரு கோவாவை வெட்டியெடுத்து அவர் முன்னாலேயே இரண்டாகப் பிளந்தாள். உள்ளே கொழுத்த பச்சைப் புழு ஒன்று நிம்மதியாக நெளிந்தது. அதைக் கண்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட விவசாயி இலங்கையில் நானாகத்தான் இருப்பேன்.

போதனாசிரியை வாய்விட்டுச் சிரித்தார். ஆனாலும் முறைப்படி மண்ணும் இலையும் பரிசோதனைக்குக் கொண்டுபோனார். முடிவு நல்லபடியாக வந்தது. மேசையும் வந்தது.

முதல் ஞாயிறு யாருமே வரமாட்டார்கள் என்றே நினைத்து மேசைக்குப் பின்னால் நின்றேன். ஒரு அம்மா வந்து, போஞ்சி ஒன்றை ஒடித்துப் பார்த்துவிட்டு, எங்கே விளைந்தது என்று கேட்டார். எங்கள் மரக்கறியைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. குண்டசாலை, எங்கள் வீட்டுக்குப் பின்பக்கம் என்று ஆரம்பித்து, கிணறு எந்தப் பக்கம், வெயில் எந்தப் பக்கம் என்று நான் அளந்துகொண்டிருந்தேன். மனைவி அதற்குள் ஒரு கிலோ நிறுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளிடம் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.