அவசரம் ஒன்றும் இல்லை

என் சின்ன மருமகளைப் போல இரண்டு மொழிக்கு நடுவே நின்று பேசக்கூடியவள் இந்தப் பூமியிலேயே கிடையாது. அவள் வாயைத் திறந்தால் இங்கிலீஷ்காரர்களே தங்கள் இங்கிலீஷை அவளிடம் கேட்டுத் திருத்திக்கொள்வார்கள். சரி, பூமி என்பது கொஞ்சம் அதிகம். எங்கள் தெருவில் கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிலும் கோடி வீட்டை நான் விசாரிக்கவில்லை.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு அனுமதி கொடுக்கும் அலுவலகத்துக்குத் தமிழ்க்காரர் யாராவது போன் செய்வார். அதிகாரிக்குத் தமிழ் தெரியாது, பேசுகிறவருக்கு இங்கிலீஷ் வராது. உடனே மருமகளை லைனில் இழுப்பார்கள். சமையலறையை ஒட்டிய அறையில், துணி மடிக்கிற மேஜையை ஜன்னலோரம் தள்ளிப்போட்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அங்கே சொல்வதை இங்கே சொல்ல வேண்டும், இங்கே சொல்வதை அங்கே சொல்ல வேண்டும். உப்புக்குக்கூடத் தன் சொல் ஒன்றைச் சேர்க்கக்கூடாது. அதிகாரி “நான்” என்றால் இவளும் “நான்” என்றே சொல்ல வேண்டும். “அவர் பார்க்கிறாராம்” என்று சொன்னால் வேலைக்கு ஆபத்து. “நான் பார்க்கிறேன்” என்றுதான் சொல்லவேண்டும். பயிற்சியில் முதல் பாடமே அதுதான்.

பல வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்ததில், இங்கிலீஷ்காரர்கள் நம்மைக் காக்க வைக்கிற விதத்துக்கு அவள் ஓர் அளவுகோலே வைத்திருந்தாள். “ஜஸ்ட் எ செகண்ட்” என்றால் எழுந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டு வரலாம். “பேர் வித் மி” என்றால் கம்ப்யூட்டர் மக்கர் செய்கிறது, டீயே போட்டுக் குடித்துவிடலாம். “ஷார்ட்லி” என்றால் சுவரில் இருக்கும் காலண்டரைக் கழற்றிவிட்டு அடுத்த வருஷத்துக் காலண்டரை மாட்டலாம். “இன் டியூ கோர்ஸ்” என்று வந்துவிட்டால் பேரன் பேத்தி எடுத்த பிறகு வந்து கேட்டால் போதும். “எனி டே நவ்” என்பதுதான் பொல்லாதது. எந்த நாளும் நடக்கலாம், எந்த நாள் என்று மட்டும் கேட்கக்கூடாது.

“நம்ம ஆளுங்க மட்டும் என்ன ஒழுங்கு? குளிக்கறதுக்கே போகாம, ‘தோ தெருமுனைக்கு வந்துட்டேன்’னு சொல்றதில்லையா?” என்பான் அவள் புருஷன். தன் கதையைத்தான் சொல்கிறான்.

“அது பொய்னு உங்களுக்கும் தெரியும், கேக்கறவனுக்கும் தெரியும். ரெண்டு பேரும் சிரிச்சுக்கலாம். இவங்க சொல்றதுல பொய்யே இருக்காதுங்க. அதான் கஷ்டம்.”

அலுவலகத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் அதிகம் இல்லை. அதனால் ஒரே ஆள் திரும்பத் திரும்ப அவளுக்கே வந்து மாட்டுவது உண்டு. அப்படி வந்தவர் ஓர் இஸ்திரிக்காரர். பெரிய ஓட்டல் ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளை நீராவி மிஷினில் கொடுத்து எடுப்பவர். இடைவேளையில் மிஷினுக்குப் பக்கத்திலிருந்தே பேசுவார். பின்னால் புஸ் புஸ்ஸென்று ஆவி போகிற சத்தம் கேட்டாலே, பெயரைச் சொல்லும் முன்பே இன்னார் என்று மருமகளுக்குத் தெரிந்துவிடும்.

அவர் சம்சாரம் ஊரில் தனியாக இருந்தார். அந்த அம்மாளை இங்கே வரவழைக்க மனு போட்டிருந்தார். “அவளுக்கு நெஞ்சுல சளி கட்டிக்குதும்மா. பக்கத்துல வச்சுப் பாத்துக்க ஆள் கிடையாது. அதான் கேக்கறேன், எப்ப வருவா?” என்பார்.

அதிகாரிகள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு தடவை கரகரத்த குரலுடைய ஆண், ஒரு தடவை ஜலதோஷம் பிடித்த பெண். ஒவ்வொரு தடவையும் பேச்சு தொடங்கும்போது மருமகள், “நான் மொழிபெயர்ப்பாளர், இருவர் பேசுவதையும் அப்படியே சொல்வேன்” என்று ஒப்பித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பாள். இஸ்திரிக்காரர் அதை ஏதோ பதவியின் பெயர் என்று எடுத்துக்கொண்டார். அவர் காதில் இங்கிலீஷ் வெறும் முணுமுணுப்பு. தமிழில் பேசிய குரல் ஒன்றே ஒன்று. “நான் உங்க மனுவைப் பாத்துட்டேன், சீக்கிரமே சொல்றோம்” என்று அந்தக் குரல்தான் சொன்னது. ஆக, மனுவைப் பார்த்தவளும் அவளே, சொல்லப்போகிறவளும் அவளே.

“போன தடவையும் நீங்கதானேம்மா பேசினீங்க. தெரிஞ்சவங்க கிடைச்சா மனசுக்குத் தெம்பா இருக்கு,” என்றார் ஒருநாள். அதையும் அவள் அப்படியே இங்கிலீஷில் சொன்னாள். அந்தப் பக்கம் கரகரத்த குரல் குழம்பிப்போய், “ஓ, தட்ஸ் நைஸ்,” என்றது. “ரொம்ப சந்தோஷம்,” என்றாள் அவள்.

இன்னொரு நாள் அவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். “நான் இருக்கற அறையில ஒத்தைக் கட்டில்தான் இருக்கு. குளிர் வர்றதுக்குள்ள அவ வந்துடுவாள்னா இப்பவே பெரிய கட்டில் ஒண்ணு வாங்கிடலாமான்னு பாக்கறேன். வாங்கலாமாம்மா?”

கட்டிலைப் பற்றி எந்த அதிகாரியிடம் கேட்பார்கள்? கேட்டதைச் சொல்லியாக வேண்டும் என்பதால் சொன்னாள். அதிகாரி சிரித்தார். நல்ல மனுஷன்தான். மனு சரியாக இருக்கிறது, எனி டே நவ், என்றார். கட்டிலுக்கு, “ஐ டோன்ட் சீ வொய் நாட்,” என்றார்.

இது வாங்கு என்பதும் இல்லை, வாங்காதே என்பதும் இல்லை. நாளைக்கு யாரும் பிடித்துக் கேட்க முடியாத சொல். மருமகள் அவளாக இருந்தால், “அய்யா, இவங்க கணக்குல எந்த நாளும்னா இன்னும் ஒரு குளிர்காலம் போயிடும், இப்ப வாங்காதீங்க” என்றிருப்பாள். அவளாக இருக்க அங்கே சம்பளம் தருவதில்லை. “எந்த நாளும் வந்துடலாம். கட்டில் வாங்கக்கூடாதுன்னு எனக்கு ஒண்ணும் தோணல,” என்றாள்.

“ஆங், போதும்மா. அது போதும்,” என்றார் அவர்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டில் அவள் கை போகவில்லை. “மாடிப்படி குறுகலா இருந்தா கட்டிலைக் கழட்டித்தான் ஏத்தணும்,” என்று யாரும் கேட்காமலே சொன்னாள்.

கட்டில் ஏறிவிட்டது. சலவைக்கூடத்து ஆட்கள் நாலு பேர் கை கொடுத்தார்களாம். அடுத்த தடவை அதைத்தான் முதலில் சொன்னார். அதிகாரி மனு பற்றி, ஷார்ட்லி என்றார்.

குளிர் வந்தது, போனது. வெயிலும் வந்துவிட்டது. நடுவில் அவர் போன் செய்தாரோ, வேறு யாருக்காவது போனதோ, இவளுக்குத் தெரியாது. சும்மா இருக்கிற நேரங்களில் ஹெட்போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். புஸ் சத்தம் ஒன்றும் வரவில்லை.

அப்புறம் ஒரு நண்பகலில் அவர் லைனில் வந்தார். பின்னால் மிஷின் ஓடவில்லை. குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தாள்.

“அவ போயிட்டாம்மா. சளி நெஞ்சை அடைச்சுடுச்சு. இனிமே அந்த மனுவை என்ன செய்யறதுன்னு கேக்கத்தான் போட்டேன்.”

அவள் சொன்னாள். “மை வைஃப் ஹேஸ் டைடு,” என்று தன் வாயால் சொன்னாள். அந்தப் பக்கம் புதுக் குரல், சின்ன வயசுப் பெண். உண்மையாகவே வருத்தப்பட்டாள். இறப்புச் சான்றிதழ் ஒன்று அனுப்ப வேண்டும், ஆனால் தேர் இஸ் நோ ரஷ், டேக் ஆல் த டைம் யூ நீட், என்றாள்.

இத்தனை நாள் ஒரு சொட்டு நேரம் கொடுக்காதவர்கள் இப்போது அண்டாவோடு தூக்கி வைக்கிறார்கள். அதைப் பரிமாற வேண்டியவள் மருமகள்.

“ஒரு சான்றிதழ் அனுப்பணும். அவசரம் ஒண்ணும் இல்லை. உங்களுக்கு எவ்வளவு நேரம் வேணுமோ எடுத்துக்குங்க.”

பிறகு அவர் மெதுவாகக் கேட்டார். கோபம் இல்லை, விளங்கிக்கொள்ளத்தான் கேட்டார்.

“கட்டில் வாங்கலாம்னு நீங்கதானேம்மா சொன்னீங்க?”

சொல்லாமல் விடலாமா என்று நினைத்தாள். விடவில்லை. இங்கிலீஷில், “நீங்கள்தானே சொன்னீர்கள்” என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண் பதறிவிட்டாள். ஐ ஆம் ஸோ சாரி, நான் இவரோடு இதற்கு முன்னால் பேசினதே இல்லை, யாரோ தவறாகச் சொல்லியிருக்க வேண்டும், என்றாள்.

அதையும் தமிழில் சொல்ல ஆள் ஒருத்திதானே உண்டு. அவருக்குப் பழக்கமான அதே குரலில், மருமகள் சொன்னாள்.

“மன்னிச்சுக்குங்க. உங்ககிட்ட நான் இதுக்கு முன்னாடி பேசினதே இல்லை. யாரோ தப்பாச் சொல்லியிருக்கணும்.”

அதிகாரி ஆறுதலாக இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு லைனிலிருந்து போனாள். அதிகாரி போனதும் மொழிபெயர்ப்பாளரும் போய்விட வேண்டும், பேசுகிறவரோடு தனியாக ஒரு சொல் கூடாது. அது சட்டம். அந்தச் சட்டத்துக்கு அன்று வேலையே இருக்கவில்லை. மனுஷர் நொந்துபோய், மறுபேச்சுப் பேசாமல் போனை வைத்துவிட்டார்.

இந்த இடத்தில் கதையை எழுதி முடித்துத் தாளை மேஜையில் வைத்தேன். எதிரே தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்த மருமகள் எடுத்துப் படித்தாள். கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“அவரு வைக்கல, அத்தை. ‘அம்மா, இருக்கீங்களா’ன்னு கேட்டுக்கிட்டு லைன்லயே இருந்தாரு. நான்தான் வச்சேன்.”